அடைக்கலம் தேடி விண்ணுக்குப் போனால்: ஒரு கற்பனை நாட்டின் சட்டங்கள்

பூமியில் எந்த நாட்டின் அரசியலமைப்புச் சட்டமும் மூச்சுக்காற்றைப் பங்கிடுவது பற்றிப் பேசுவதில்லை. அதற்கான தேவையும் இல்லை. விண்வெளியில் ஒரு நாடு அமைந்தால் கதை வேறு. ஒரு மனிதருக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 840 கிராம் ஆக்சிஜன் வேண்டும். அவர் வெளியே விடும் கரியமில வாயு ஒரு கிலோ அளவுக்கு வரும். அதை அகற்றியாக வேண்டும். குடிமக்கள் எத்தனை பேரோ அத்தனை மடங்கு. இந்தக் கணக்கு அந்த நாட்டின் சட்டப் புத்தகத்தில் முதல் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

அப்படி ஒரு நாடு இன்னும் இல்லை. போர், இன ஒடுக்குமுறை, மதவெறி என்று சொந்த மண்ணிலிருந்து துரத்தப்பட்டவர்கள் ஒன்றுசேர்ந்து, பூமியைச் சுற்றிவரும் ஒரு பெரிய நிலையத்தைக் கட்டி, "இது எங்கள் நாடு, அடைக்கலம் கேட்டு வருபவருக்கு இங்கே இடமுண்டு" என்று அறிவிப்பதாக வைத்துக்கொள்வோம். அறிவியல் புனைகதை படிப்பவர்களுக்குப் பழகிய கற்பனைதான். ஊழிக்கால வெள்ளத்தில் இறைவன் தோணியேறி வந்து தங்கிய தலம் என்று புராணம் சொல்லும் சீர்காழிக்குத் தோணிபுரம் என்றொரு பழம்பெயர் உண்டு. நம் நாட்டுக்கு அந்தப் பெயரைக் கடன் வாங்கிக்கொள்கிறேன். இல்லாத நாட்டுக்குச் சட்டம் எழுதிப் பார்ப்பதில் ஒரு லாபம் இருக்கிறது. இன்று நடப்பில் உள்ள விண்வெளிச் சட்டமும் அகதிச் சட்டமும் எந்த இடத்தில் முட்டிக்கொள்கின்றன என்பது தெரிந்துவிடும்.

நாடு என்று சொல்ல என்ன வேண்டும்?

1933-ல் உருகுவே நாட்டின் மான்டிவிடியோ நகரில் கையெழுத்தான உடன்படிக்கை இதற்கு நான்கு தகுதிகளைச் சொல்கிறது: நிலையான மக்கள்தொகை, வரையறுக்கப்பட்ட நிலப்பரப்பு, அரசாங்கம், பிற நாடுகளோடு உறவு கொள்ளும் திறன். தோணிபுரத்தில் மக்கள் இருப்பார்கள், அரசாங்கமும் அமைத்துக்கொள்ளலாம். நிலத்துக்கு எங்கே போவது?

இந்தக் கேள்விக்குக் கடலில் ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. இங்கிலாந்தின் கிழக்குக் கரைக்கு அப்பால், இரண்டாம் உலகப் போரின்போது கட்டிய கோட்டை ஒன்று நிற்கிறது. கோட்டை என்று பெயர்தானே தவிர, கடலுக்குள் நட்ட இரண்டு பருத்த தூண்களும் அவற்றின் மேல் ஒரு மேடையும்தான். 1967-ல் ராய் பேட்ஸ் என்ற முன்னாள் ராணுவ அதிகாரி அதில் குடும்பத்தோடு குடியேறி, அதைச் சீலாந்து என்ற தனி நாடாக அறிவித்தார். கொடி, தபால்தலை, பாஸ்போர்ட் எல்லாம் வந்தன. பிறகு ஜெர்மானியர் ஒருவர், தான் சீலாந்துக் குடிமகனாகிவிட்டதால் தன் ஜெர்மன் குடியுரிமை போய்விட்டது என்று அறிவிக்கக் கோரி வழக்குப் போட்டார். 1978-ல் கொலோன் நகர நிர்வாக நீதிமன்றம் மறுத்துவிட்டது. ஒரு நாட்டின் நிலம் என்பது பூமியின் இயற்கையான மேற்பரப்பாக இருக்க வேண்டும், மனிதர் கட்டிய மேடை நிலமாகாது என்றது. அங்கே இருப்பவர்கள் ஒரு சமுதாயமாகக் கூடி வாழ்பவர்களும் அல்லர் என்றும் சொன்னது.

முதல் காரணத்தின்படி தோணிபுரத்துக்கு வழியே இல்லை. அதன் ஒவ்வொரு அங்குலமும் மனிதர் கட்டியதாகவே இருக்கும். இரண்டாவது காரணத்தில்தான் சிறிது நம்பிக்கை தெரிகிறது. அங்கேயே பிறந்து, படித்து, மணந்து, சாகும் மனிதர்கள் சில ஆயிரம் பேர் இருந்தால், "இவர்கள் ஒரு சமுதாயம் அல்லர்" என்று எந்த நீதிபதியும் எளிதில் எழுதிவிட முடியாது.

விண்வெளி நாடு என்று ஏற்கெனவே அறிவித்துக்கொண்ட ஒன்றும் உண்டு. 2016 அக்டோபரில் ரஷ்யத் தொழிலதிபர் இகோர் அஷுர்பெய்லி 'அஸ்கார்டியா'வை அறிவித்தார். இணையத்தில் விண்ணப்பித்தவர்கள் சில நாட்களிலேயே ஒரு லட்சத்தைத் தாண்டினார்கள். அரசியலமைப்புச் சட்டம், நாடாளுமன்றம், 2018 ஜூனில் வியன்னாவின் ஹோஃப்பர்க் அரண்மனையில் தலைவருக்குப் பதவியேற்பு விழா என்று எல்லாம் முறைப்படி நடந்தன. விண்ணில் அவர்களுக்கு இருந்த 'நிலம்' 2017-ல் ஏவப்பட்ட ஒரு குட்டிச் செயற்கைக்கோள். எடை மூன்று கிலோவுக்கும் குறைவு. உள்ளே குடிமக்களின் தகவல்களைச் சேமித்த நினைவகம். அதுவும் 2022-ல் வளிமண்டலத்துக்குள் விழுந்து எரிந்துபோனது. கேலி செய்வது எளிது. ஆனால் ஐக்கிய நாடுகள் சபையின் எந்த உறுப்பு நாடும் அதை அங்கீகரிக்கவில்லை என்பதற்குக் காரணம் அதன் சிறுமை மட்டும் அன்று. சட்டத்திலேயே ஒரு பூட்டு இருக்கிறது.

ஏவியவர் கொடிதான் கொடி

அந்தப் பூட்டின் பெயர் 1967-ஆம் ஆண்டின் விண்வெளி ஒப்பந்தம். அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் நிலவுக்கு முண்டியடித்துக்கொண்டிருந்த காலத்தில் எழுதியது. நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் இதில் சேர்ந்திருக்கின்றன, இந்தியாவும் ஒன்று. மூன்று விதிகள் நமக்கு முக்கியம்.

இரண்டாம் விதி: விண்வெளியையோ நிலவையோ மற்ற கோள்களையோ எந்த நாடும் தன் இறையாண்மைக்கு உட்பட்டது என்று உரிமை கொண்டாட முடியாது, அங்கே குடியிருந்துகொண்டும் உரிமை கோர முடியாது. ஆறாம் விதி: தனியார் செய்வது உட்பட, விண்வெளியில் நடக்கும் எல்லா வேலைக்கும் ஏதோ ஒரு நாடு பொறுப்பு. அந்த நாடு அனுமதி தர வேண்டும், தொடர்ந்து மேற்பார்வையும் செய்ய வேண்டும். எட்டாம் விதி: விண்கலம் எந்த நாட்டின் பதிவேட்டில் இருக்கிறதோ, அந்த நாட்டின் அதிகாரமே கலத்தின் மீதும் அதன் பணியாளர்கள் மீதும் செல்லும்.

மூன்றையும் சேர்த்துப் படித்தால், விண்வெளியில் யாருக்கும் சொந்தமில்லாத இடம் ஏராளம், ஆனால் யாருக்கும் கட்டுப்படாத கலம் ஒன்றுகூடக் கிடையாது என்பது விளங்கும். சர்வதேச விண்வெளி நிலையம் இந்தத் தத்துவத்தின் மீதுதான் ஓடுகிறது. 1998 ஜனவரி 29 அன்று 15 நாடுகள் கையெழுத்திட்ட உடன்படிக்கையின்படி, ஒவ்வொரு கூட்டாளியும் தான் பதிவு செய்த பகுதிக்கும் தன் வீரர்களுக்கும் அதிகாரி. ஜப்பானின் கிபோ பகுதியிலிருந்து அமெரிக்காவின் டெஸ்டினிக்குச் சில விநாடிகளில் மிதந்து போகலாம். அதற்குள் ஒரு நாட்டின் சட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு வந்துவிடுவீர்கள். நடுவில் குடியேற்ற அதிகாரி இல்லை, அவ்வளவுதான்.

கொடி காட்டும் நாடே காணாமல் போனால்? அதுவும் நடந்திருக்கிறது. 1991 மே 18 அன்று செர்கேய் கிரிகலேவ் சோவியத் விண்வெளி வீரராக மீர் நிலையத்துக்குப் புறப்பட்டார். அவர் மேலே இருக்கும்போதே டிசம்பரில் சோவியத் ஒன்றியம் கலைந்தது. அவரை ஏவிய பைக்கனூர் ஏவுதளம் இப்போது கஜகஸ்தான் என்ற வேறு நாட்டில் இருந்தது. அந்த அக்டோபரில் கஜகஸ்தானைத் திருப்திப்படுத்த ஒரு கஜக் வீரரை ஏற்றி அனுப்பியிருந்தார்கள். கிரிகலேவுக்கு மாற்றாக நீண்ட நாள் தங்கும் பயிற்சி அவருக்கு இல்லாததால் இவர் இறங்க முடியவில்லை. 311 நாட்கள் கழித்து, 1992 மார்ச் 25 அன்று கீழே வந்தார். ரஷ்யா சோவியத்தின் வாரிசாகப் பொறுப்பேற்றுக்கொண்டதால் சட்டச் சிக்கல் பெரிதாகவில்லை. யாரும் பொறுப்பேற்காமல் போயிருந்தால் அவர் எந்த நாட்டவர் என்ற கேள்வி எழுந்திருக்கும். தோணிபுரத்துக்கு வரும் பலர் அந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டுதான் வருவார்கள்.

திருப்பி அனுப்பு, திருப்பி அனுப்பாதே

அகதி யார் என்பதை 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கை வரையறுக்கிறது. இனம், மதம், தேசியம், ஒரு சமூகக் குழுவில் இருப்பது, அரசியல் கருத்து ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றுக்காகக் கொடுமைக்கு ஆளாவோம் என்ற நியாயமான அச்சத்தால் சொந்த நாட்டுக்கு வெளியே இருப்பவர். அதன் 33-ஆம் விதிதான் உயிர்நாடி: உயிருக்கோ சுதந்திரத்துக்கோ ஆபத்துள்ள இடத்துக்கு அகதியைத் திருப்பி அனுப்பக் கூடாது.

அந்த உடன்படிக்கை முதலில் 1951-க்கு முன் நடந்த நிகழ்வுகளால் அகதியானவர்களுக்கு மட்டுமே பொருந்தியது. அந்தக் காலவரம்பை நீக்கிய கூடுதல் ஒப்பந்தம் 1967 அக்டோபர் 4 அன்று நடைமுறைக்கு வந்தது. விண்வெளி ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது அதே ஆண்டு அக்டோபர் 10. ஆறே நாள் இடைவெளி. இரண்டையும் எழுதியவர்கள் ஒருவரையொருவர் கலந்து பேசியதற்கான அடையாளம் எதுவும் அந்த வாசகங்களில் இல்லை.

ஏனென்றால் விண்வெளி ஒப்பந்தத்தின் ஐந்தாம் விதி நேர் எதிர்த் திசையில் போகிறது. விபத்தாலோ நெருக்கடியாலோ வேறொரு நாட்டில் இறங்க நேரும் விண்வெளி வீரர்களுக்கு எல்லா உதவியும் செய்து, அவர்களைப் பத்திரமாகவும் விரைவாகவும் கலத்தைப் பதிவு செய்த நாட்டிடம் திருப்பி ஒப்படைக்க வேண்டும் என்கிறது. 1968-ன் மீட்பு உடன்படிக்கை இதை இன்னும் விரிவாகச் சொல்கிறது. பனிப்போர்க் காலத்தில் எதிரி மண்ணில் தங்கள் வீரர் விழுந்துவிட்டால் பணயமாகப் பிடித்து வைத்துக்கொள்வார்களோ என்ற அச்சம் இரு தரப்புக்கும் இருந்தது, விதி அதற்கானது. "நான் திரும்பிப் போக மாட்டேன், எனக்கு அடைக்கலம் வேண்டும்" என்று அந்த வீரரே கேட்டால் என்ன செய்வது என்பது பற்றி இரண்டிலும் ஒரு வரி கிடையாது.

தோணிபுரத்துக்கு இது நாள்தோறும் எழும் சிக்கல். ஒரு நாட்டின் கலத்திலிருந்து தப்பி வரும் பொறியாளர் அதன் கதவைத் தட்டுகிறார். அவரை ஏவிய நாடு, ஐந்தாம் விதியைக் காட்டித் திருப்பித் தா என்று கேட்கும். அவரோ 33-ஆம் விதியைக் காட்டுவார். என் பார்வையில் தோணிபுரத்தின் சட்டம் இங்கே தயங்கவே கூடாது: கலத்தைத் திருப்பிக் கொடுக்கலாம், ஆளைக் கொடுக்கக் கூடாது. மீட்பு விதி வீரரைக் காப்பதற்காக எழுதியது; அதையே அவருக்கு எதிரான கைவிலங்காகப் படிப்பது நியாயமாகாது.

கடலில் இந்த மோதலை உலகம் பார்த்திருக்கிறது. 2001 ஆகஸ்டில் நார்வே நாட்டுச் சரக்குக் கப்பல் டாம்பா, இந்துமாக்கடலில் மூழ்கவிருந்த படகிலிருந்து நானூறுக்கும் மேற்பட்டோரைக் காப்பாற்றியது. பெரும்பாலோர் ஆப்கானிஸ்தானிலிருந்து தப்பியவர்கள். ஆஸ்திரேலியா அவர்களைத் தன் கரையில் இறக்க மறுத்து, கப்பலில் ராணுவத்தை ஏற்றியது. காப்பாற்றுவது கடமை என்று எல்லா நாடும் ஒப்புக்கொள்ளும். காப்பாற்றியவரை எங்கே இறக்குவது என்று கேட்டால் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொள்ளும்.

காற்றை ஆள்பவர் யார்?

இனி உள்ளே போவோம். இந்த நாட்டின் ஆட்சிமுறைதான் எனக்கு மிகவும் சுவையான பகுதி.

எடையற்ற நிலையில் சூடான காற்று மேலே எழும்பாது. மூச்சு விட்டால் அந்தக் காற்று முகத்துக்கு முன்னாலேயே தங்கிவிடும். காற்றோட்டமில்லாத மூலையில் ஒருவர் தூங்கினால், அவர் விட்ட கரியமில வாயுவே அவர் தலையைச் சுற்றிக் குமிழியாகச் சேர்ந்து, தலைவலியில் தொடங்கி மூச்சுத் திணறல் வரை கொண்டுபோகும். ஆகவே விண்வெளி நிலையத்தில் வீரர்கள் உறங்கும் சிற்றறைகளிலும் காற்றை நகர்த்த விசிறிகள் ஓடிக்கொண்டே இருக்கும். தண்ணீரை மின்னாற்பகுத்து ஆக்சிஜன் எடுக்கிறார்கள். சிறுநீரையும் வியர்வையையும் சுத்திகரித்துத் தண்ணீர் எடுக்கிறார்கள். ஒரு குழாயை அடைத்தால், ஒரு விசிறியை நிறுத்தினால், அறையில் இருப்பவரின் உயிர் உங்கள் கையில்.

இதன் அரசியல் பொருளைப் பாருங்கள். பூமியில் சர்வாதிகாரிக்குப் படை வேண்டும், சிறை வேண்டும், ஒற்றர்கள் வேண்டும். விண்ணில் அவருக்கு ஒரு சுவிட்ச் போதும். எனவே தோணிபுரத்தின் அரசியலமைப்பில் சட்டமன்றம், நிர்வாகம், நீதித்துறை என்ற மூன்று பிரிவுகளோடு நான்காவதாகக் காற்றையும் தண்ணீரையும் நடத்தும் அமைப்பு தனியாக இருக்க வேண்டும். பிரதமரோ ஜனாதிபதியோ அதற்கு ஆணையிட முடியாது. அதன் பொறியாளர்களை எளிதில் நீக்க முடியாது. நம் ஊரில் தலைமைத் தேர்தல் ஆணையரை நீக்க உச்ச நீதிமன்ற நீதிபதியை நீக்கும் நடைமுறை வேண்டும் என்று வைத்திருப்பதுபோல. ஆக்சிஜன் இருப்பும் கரியமில வாயு அளவும் ஒவ்வொரு கூடத்தின் சுவரிலும் எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி ஓட வேண்டும். வேறு நாடுகளில் தகவல் அறியும் உரிமை என்பது மனுப்போட்டுக் காத்திருப்பது. அங்கே அது சுவரில் ஒளிரும் எண்.

அந்த எண் இன்னொன்றுக்கும் வேண்டும். அகதிகளை மறுக்கும் நாடுகள் "எங்களிடம் இடமில்லை" என்பது வழக்கம். பெரும்பாலும் அது விருப்பமின்மைக்கு இட்ட நாகரிகப் பெயர். தோணிபுரத்தில் 'இடமில்லை' என்பது உண்மையான கணக்காக இருக்கக்கூடும். சர்வதேச விண்வெளி நிலையத்தில் வழக்கமாக ஏழு பேர் இருக்கிறார்கள். 2009-ல் ஒரே நேரத்தில் 13 பேர் வரை இருந்திருக்கிறார்கள். அமைப்பு தாங்கும் எல்லை என்று ஒன்று உண்டு. அந்த எல்லையை அரசியல்வாதி சொன்னால் நம்ப முடியாது, சுதந்திரமான பொறியாளர் குழு சொல்ல வேண்டும். எல்லைக்குக் கீழே எப்போதும் குறிப்பிட்ட அளவு காலியாக வைத்திருப்பதையும் சட்டமாக்க வேண்டும். காலி இடமே இல்லாத நாடு தன்னைப் புகலிடம் என்று அழைத்துக்கொள்வதில் பொருளில்லை.

குற்றமும் தண்டனையும் இன்னொரு சிக்கல். சர்வதேச நிலையத்தில் கமாண்டருக்குப் பெரிய அதிகாரம் உண்டு. வீரர்களின் உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் ஒருவரைப் பலவந்தமாகக் கட்டுப்படுத்தவும் நடத்தை விதிகள் அனுமதிக்கின்றன. விசாரணையும் தண்டனையும் அவரவர் நாட்டில். குடிமக்கள் நிரந்தரமாக வாழும் இடத்துக்கு இது போதாது. உடனே கட்டுப்படுத்தும் அதிகாரம் கமாண்டருக்கு இருக்கலாம். ஆனால் குறுகிய காலத்துக்குள் நீதிபதி முன் நிறுத்தியாக வேண்டும்.

எந்தத் தண்டனை கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நாடு கடத்தல் கூடாது. பழங்காலத்தில் அரசர்கள் கருணை காட்டுவதாக நினைத்துக் கொடுத்த தண்டனை அது. எல்லைக்கு அப்பால் காடாவது இருந்தது. தோணிபுரத்தின் எல்லைக்கு அப்பால் வெற்றிடம். பூமிக்கு அனுப்பலாமே என்றால், அவர் தப்பி வந்த நாட்டின் கையில் சிக்க வைப்பதாகிவிடும். ஆக, சிறை ஒன்று வேண்டும். அதைச் சொல்லத் தயங்கும் கனவு நாடுகள்தான் பிறகு வெற்றிடத்துக்குக் கதவைத் திறந்துவிடுகின்றன.

வெளியேறும் உரிமையையும் மறந்துவிடக் கூடாது. எந்த நாட்டிலிருந்தும் வெளியேறலாம் என்கிறது 1948-ன் மனித உரிமைப் பிரகடனத்தின் 13-ஆம் விதி. அடைக்கலம் தேடலாம் என்கிறது 14-ஆம் விதி. விண்ணில் வெளியேறும் உரிமை என்றால் பூமிக்குத் திரும்பும் கலத்தில் ஒரு இருக்கை. சர்வதேச நிலையத்தில் இருப்பவர்கள் எல்லோருக்கும் திரும்பும் கலங்களில் இருக்கை ஒதுக்கி வைப்பது அடிப்படை நடைமுறை. தோணிபுரமும் குடிமக்கள் எண்ணிக்கைக்கு ஈடாக இருக்கைகள் வைத்திருக்க வேண்டும். செலவு அதிகம்தான். ஆனால் திரும்ப வழியில்லாத இடத்தில் கூலியைக் குறைத்தாலும் வேலை நேரத்தைக் கூட்டினாலும் தொழிலாளி எங்கே போவார்? அது புகலிடத்தின் பெயரில் நடக்கும் கொத்தடிமை முறையாகிவிடும்.

அங்கே பிறக்கும் குழந்தை

1961-ன் நாடற்ற நிலையைக் குறைப்பதற்கான உடன்படிக்கை, கப்பலில் பிறக்கும் குழந்தை அந்தக் கப்பல் ஏந்தும் கொடிக்குரிய நாட்டிலும், விமானத்தில் பிறக்கும் குழந்தை அது பதிவான நாட்டிலும் பிறந்ததாகக் கொள்ளப்படும் என்கிறது. விண்கலத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. முதல் மனிதராகக் ககாரின் விண்ணில் பறந்த ஆண்டில் எழுதியது. குழந்தை பிறக்கும் என்று யார் நினைத்தார்கள்? பெற்றோர் இருவருமே நாடற்றவர்கள் என்றால் அந்தக் குழந்தைக்கு இன்றைய சட்டத்தில் எந்த நாடும் நிச்சயமில்லை.

பரம்பரையை மட்டும் பார்த்துக் குடியுரிமை கொடுத்தால் என்ன நடக்கும் என்பதைத் தமிழர்கள் நன்றாக அறிவோம். 1948-ன் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் தந்தையோ, தந்தைவழிப் பாட்டனும் முப்பாட்டனுமோ அங்கே பிறந்ததை நிரூபிக்கச் சொன்னது. மலையகத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்த லட்சக்கணக்கான தமிழர்களிடம் அப்படிப்பட்ட பத்திரங்கள் இல்லை. தாங்கள் பிறந்த மண்ணிலேயே நாடற்றவர்களானார்கள். எஞ்சியிருந்தவர்களுக்கு முழுமையாக வழி பிறக்க 2003 வரை ஆனது. தோணிபுரத்திலும் நிறுவியவர்களின் பேரப்பிள்ளைகள் ஒரு வகை, நேற்று வந்த அகதியின் பிள்ளை இன்னொரு வகை என்று பிரியும் ஆபத்து அப்படியே இருக்கிறது. அங்கே பிறந்தால் அந்த நாட்டவர் என்ற ஒரே விதிதான் பாதுகாப்பு.

சரி, யாருடைய கொடி?

தோணிபுரம் உடனே தனி நாடாக முடியாது என்று பார்த்தோம். நடைமுறை வழி, ஏதாவது ஒரு நாட்டின் பதிவேட்டில் நுழைந்து, அதன் கொடியின் கீழ் தன்னாட்சி கேட்பது. ஆனால் ஏவிய நாட்டின் தலையில் பெரிய பொறுப்பு விழும். 1972-ன் இழப்பீட்டு உடன்படிக்கையின்படி, கலம் பூமியில் விழுந்து சேதம் செய்தால் தவறு யாருடையது என்று பாராமல் அந்த நாடு இழப்பீடு தர வேண்டும். 1978-ல் அணு உலையோடு பறந்த சோவியத்தின் காஸ்மாஸ் 954 செயற்கைக்கோள் வடமேற்குக் கனடாவில் விழுந்தபோது, சோவியத் கடைசியில் 30 லட்சம் கனடா டாலர் கொடுத்தது. ஆயிரக்கணக்கானோர் வாழும் நிலையத்துக்குக் கையெழுத்துப் போட எந்த நிதியமைச்சரும் யோசிப்பார். போட்டாலும் காப்பீடு கேட்பார், நிலையத்தில் தன் அதிகாரி ஒருவரை உட்கார வைப்பார்.

அந்த நாடு அகதிகள் உடன்படிக்கையிலும் இருக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தால் பட்டியல் சுருங்குகிறது. சொந்தமாக ராக்கெட் ஏவும் நாடுகளில் இந்தியா 1951-ஆம் ஆண்டு உடன்படிக்கையிலும் இல்லை, 1967-ஆம் ஆண்டுக் கூடுதல் ஒப்பந்தத்திலும் இல்லை. அமெரிக்கா கூடுதல் ஒப்பந்தத்தில் மட்டும். சீனாவும் ரஷ்யாவும் இரண்டிலும் இருக்கின்றன. அங்கிருந்து தப்பி வருபவரை அவற்றின் கொடியின் கீழேயே காப்பது எப்படி என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

என்னைக் கேட்டால் முதல் விண்ணப்பத்தை நியூசிலாந்துக்குத்தான் அனுப்புவேன். அதன் மாஹியா தீபகற்பத்திலிருந்து ராக்கெட்டுகள் பறக்கின்றன; 2017-லேயே விண்வெளி நடவடிக்கைகளுக்குச் சட்டம் போட்டுவிட்டது; அகதிகள் உடன்படிக்கையில் நெடுங்காலமாக இருக்கிறது. குக் தீவுகளோடு 1965 முதல் அது வைத்திருக்கும் உறவு நமக்கு நல்ல மாதிரி: தீவுகள் தங்களைத் தாங்களே ஆண்டுகொள்கின்றன, மக்கள் நியூசிலாந்துக் குடியுரிமையோடு இருக்கிறார்கள். டாம்பா கப்பலில் தவித்தவர்களில் நூற்றுக்கும் மேற்பட்டோரை அழைத்துக்கொண்டதும் அந்த நாடுதான்.